அந்தப் படத்தில் இல்லாத வசனம்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. நான் கல்யாணமாகி லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நானும் இவரும் இருந்தோம்.

இவர் பல வருடம் பாரிசில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். பிரெஞ்சு சரளமாக வரும். ஆங்கிலம் குசினிக்குத் தேவையான அளவுதான், ஏனென்றால் வேலை ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் சமைப்பது. நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். இங்கே வந்தபிறகு தமிழிலேயே அதிகம் கதைக்கவில்லை. இவரில் ஒரு குறையும் இல்லை. பேசிச் செய்த கல்யாணம், பழகுவதற்குள் ஷிப்ட் வேலை எங்களைப் பிடித்துக்கொண்டது. "சாப்பிட்டனீரோ?" "ஓம்." எங்கள் கதை அநேகமாக அதோடு முடிந்துவிடும்.

அப்போதுதான் பாரிசிலிருந்து இவருடைய அண்ணை போன் எடுத்தார். பலசரக்குக் கடை திறக்கிறாராம், இவர் வந்து கூட நிற்க வேண்டுமாம்.

"நான் முதல் போறன். எல்லாம் சரிவந்த பிறகு உம்மைக் கூப்பிடுறன். அதுவரைக்கும் குரோய்டனிலை மாமி வீட்டிலை இரும்," என்றார்.

இவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் "உங்கட விருப்பம்" என்றுதான் வாயில் வந்தது.

அந்தக் கிழமை இவரோடு வேலை செய்த ஒரு கொரியப் பெண் இரண்டு டிக்கெட் கொடுத்தாள். அவளுடைய தம்பி கமெரா உதவியாளராக வேலை செய்த படமாம். கொரியர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து, பெரிய கம்பனி எதுவும் இல்லாமல், கையிலிருந்த காசைப் போட்டு எடுத்த காதல் படம். கொடுத்த மரியாதைக்காகப் போவோம் என்று இவர் சொன்னார். ஞாயிறு மத்தியானம் ட்ராமில் விம்பிள்டன் போய், அங்கிருந்து ரயில் எடுத்தோம்.

சின்னத் தியேட்டர், பாதிகூட நிரம்பவில்லை. படம் தொடங்க முதல் ஒருவர் முன்னே வந்து மன்னிப்புக் கேட்டார். திரைக்குக் கீழே ஆங்கில எழுத்துக் காட்டுகிற கம்பியூட்டர் வேலை செய்யவில்லையாம், விரும்பியவர்கள் காசைத் திருப்பி வாங்கலாமாம். சிலர் எழுந்து போனார்கள். நாங்களும் எழும்பத்தான் பார்த்தோம். அதற்குள், படம் பார்க்க வந்திருந்த அந்தக் கொரியப் பெண் எழுந்து, "கொரிய மொழியில் வருவதை நான் சொல்கிறேன்" என்றாள். முன்வரிசையில் தனியாக இருந்த ஒரு வயதான ஜப்பானிய அம்மா மெதுவாகக் கையைத் தூக்கி, "அப்படியென்றால் ஜப்பானிய மொழி என்னுடையது" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

கதை இதுதான். ஜப்பானில் ஒரு துறைமுக ஊருக்கு ஒரு கொரியன் வேலைக்கு வருகிறான். சூப் கடை நடத்தும் ஒரு பெண்ணின் மேல்வீட்டில் குடியிருக்கிறான். அவன் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை அவனுக்குத் தெரியாது. படத்தில் இரண்டு பேரும் விளங்காமல் முழிக்க, தியேட்டரில் இரண்டு பெண்களும் மாறி மாறி ஆங்கிலத்தில் சொல்ல, இவர் என் பக்கம் குனிந்து, "என்னவாம்?" என்று கேட்டார். நான் காதுக்குள் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

அவன் ஒரு ஜப்பானியச் சொல்லைப் பிழையாகச் சொன்னான். முதலில் அந்த அம்மா சிரித்தார். ஆங்கிலத்தில் சொன்னதும் தியேட்டர் சிரித்தது. நான் தமிழில் சொல்லி முடித்த பிறகு, எல்லோரும் ஓய்ந்த நேரத்தில், இவர் மட்டும் பெரிதாகச் சிரித்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவரோடு நான் அவ்வளவு நேரம் கதைத்ததும் இல்லை.

கடைசிக் கட்டம். அவன் ஊருக்குத் திரும்பப் போகிறான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நிற்கிறான். அவள் அடுப்படியில் நின்றபடி, அவனைப் பாராமல், ஒரே ஒரு வசனம் சொன்னாள். நாங்கள் ஜப்பானிய அம்மாவைப் பார்த்தோம். அவருக்குக் குரல் வரவில்லை. கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தியேட்டர் காத்துக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" என்றார் இவர்.

எனக்கும் தெரியாது. ஆனால் என் வாய் தானாகச் சொன்னது:

"போகாதேங்கோ, நீங்கள் இல்லாட்டி இந்த ஊரிலை எனக்கு ஒருத்தருமில்லை எண்டு சொல்லுறா."

இவர் தலையாட்டினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: "சூப் ஆறப்போகுது."

அவ்வளவுதான் அவள் சொன்னது. திரையில் அவன் பையை இறக்கி வைத்துவிட்டு மேசையில் போய் இருந்தான். சூப்பும் ஆறுவதும் குசினி ஆங்கிலம், இவருக்கு நன்றாகவே விளங்கும். நான் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்து அந்தக் கொரியப் பெண்ணுக்கு நன்றி சொன்னோம். ரயில் விம்பிள்டன் கிட்ட வரும்போதுதான் இவர் மெல்லக் கேட்டார்.

"அந்தச் சூப் கடைப் பிள்ளைக்கு அது சொந்த ஊரெல்லோ? ஒருத்தருமில்லை எண்டு ஏன் சொல்லப்போறா?"

"அவ சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்," என்றேன்.

இவர் என் கையைப் பிடித்து, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயப்பா. நீர் 'உங்கட விருப்பம்' எண்டதாலை உமக்குக் கவலையில்லை எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

அடுத்த நாளே அண்ணைக்குப் போன் எடுத்து, வர ஏலாது என்று சொல்லிவிட்டார். அண்ணை கொஞ்ச நாள் கோபமாக இருந்தார், பிறகு ஆறிவிட்டார். நாங்கள் மிச்சத்திலேயே இருந்துவிட்டோம், எங்கள் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள்.

அந்த ஜப்பானிய அம்மாவை நான் பிறகு காணவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, வேண்டும் என்றால் வேண்டும் என்று, கவலை என்றால் கவலை என்று, இவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திராமல் நானே வாய் திறந்து சொல்லிவிடுகிறேன்.