மஞ்சள் நெகடிவும் டியூப்லைட்டும்

மாப்பிள்ளையும் பெண்ணும் சாயத் தொட்டியில் விழுந்து எழுந்தவர்கள் போலிருந்தார்கள். வெள்ளை கவுன், வெள்ளைச் சட்டை, பல்வரிசை, எல்லாம் நீலம்.

படம் ஸ்டெல்லா டீச்சருடைய பெற்றோரின் கல்யாணப் படம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஐம்பதாவது திருமண நாள். சயனோடைப் முறையில் பெரிதாக வேண்டும் என்று கேட்டிருந்தார். மருந்து பூசிய காகிதத்தின் மேல் நெகடிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். நெகடிவ் மறைக்கும் இடம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் நீலமாகும். நெகடிவை ஓஎச்பி ஷீட்டில், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில், இங்க்ஜெட் பிரிண்டரால் அடிப்பதாக ஏற்பாடு.

பொம்மனஹள்ளியில் எங்கள் ஸ்டுடியோ. டார்க்ரூமைக் காலி செய்துவிட்டு செராக்ஸ் மெஷின் போட முதலாளி நாகராஜ் துடித்துக்கொண்டிருந்தார். "இந்த ஆர்டர் உருப்படியா வரலேன்னா ரூமும் இல்ல, நீங்களும் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆகவே இங்க்கை நானே தேர்ந்தெடுத்தேன். இருபது வருட டார்க்ரூம் அனுபவம் அல்லவா! ஷீட்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இருப்பதிலேயே அடர்ந்த கருப்பை எடுத்தேன். முதலாளியும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "சூப்பர் டென்சிட்டி" என்றார்.

நீலம் வந்ததும், "கருப்ப இன்னும் ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். மறுபடி நீலம். அப்படியே மூன்று ஷீட் போயிற்று, வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல், ஒன்றும் தெரியாதவன் முதல் நாளே செய்திருக்கும் காரியத்தைச் செய்தேன். பிரிண்டரில் இருந்த ஒவ்வொரு இங்க்கிலும் ஒரு கட்டம் அடித்து, மாடியில் வெயிலில் வைத்தேன். கருப்புக் கட்டத்தின் கீழே நீலம். நோஞ்சானாகத் தெரிந்த மஞ்சளின் கீழே பளிச்சென்று வெள்ளை! காகிதத்தை நீலமாக்குவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. எங்கள் கருப்பு அதைத் தாராளமாக உள்ளே விட்டிருந்தது.

மஞ்சளில் நெகடிவ் அடித்துக் கொண்டுவந்தேன். முதலாளி அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கன்னடம் கலந்த தமிழில் பொரிந்தார்.

"ஏனப்பா இது, மோர்க்குழம்பு கொட்டின மாதிரி? சும்னே ஷீட்ட வேஸ்ட் பண்றீங்க."

குப்பைக்கூடையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நெகடிவைப் பொறுக்கி, தூசியை ஊதி, மாடிக்கு ஓடினேன்.

சனிக்கிழமை ஸ்டெல்லா டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். "அம்மா தலையில போட்ட நெட்டுல பூவேலகூடத் தெரியுது சார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி உடனே அந்த மஞ்சள் நெகடிவை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார்.

"பாத்த உடனே சொன்னேன் மேடம், இதான் கரெக்ட் டென்சிட்டின்னு!"

டார்க்ரூம் தப்பியது, நானும் தப்பினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, எந்த இங்க்கையும் முதலில் வெயிலில் வைத்துப் பாருங்கள். அனுபவசாலியிடம் அப்புறம் கேட்கலாம். முதலாளியைக் கேலி செய்ய எனக்கு இன்றும் ஆசைதான். ஆனால் அந்த ஸ்டுடியோவில் முதலில் ஒரு கண்ணை மூடியவன் நான்.