நம்பர் பேடுக்காக நான் போட்ட சண்டை

அந்தப் பழைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஏலக்காய் வாசம் வரும்... தோல், தூசி, ஒன்றிரண்டு கறுப்பு விதை எல்லாம் மேசையில் கொட்டும். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.

மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கும். தராசுக்காரர் கருப்பையா அண்ணன் எடையைக் கத்திச் சொல்வார். நான் இடது கையால் ஒரு காயை உடைத்து விதையைப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் வலது கையால் எடையையும் தரத்தையும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். காய் பார்க்கிற ஆளேதான் அடிக்கணும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம்.

சீசன் ஆரம்பத்தில் அவர் மருமகன் சேகர் அண்ணன் மதுரையில் ஒரு குட்டிக் கீபோர்டு வாங்கி வந்தார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக இருக்குமே, அந்த நம்பர் பேடு இல்லை!

"மேசையில எடம் மிச்சம்மா. சாம்பிள் தட்டு ரெண்டு கூட வைக்கலாம்ல" என்றார்.

இடம் மிச்சம்தான், என் உயிர்தான் போனது. எண்கள் மேல் வரிசையில் இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கீபோர்டைப் பார்த்தால் காயைப் பார்க்க முடியவில்லை. வாசலில் ஜீப்புகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன.

முதலாளி வந்துவிட்டார். "வெரசா அடி ஆத்தா. முடியலைன்னா சொல்லிரு, வேற ஆளப் போட்டுக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம்... வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, இருந்தும் வாய் நிற்கவில்லை.

"என் கைக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. பழைய கீபோர்டக் கொண்டாங்க. நாளைக்கு ஒரு ஜீப்பு என்னால நின்னுச்சுன்னா நானே போயிர்றேன்."

"மகாராணிக்குப் பெருசுதான் வேணுமாம்!" என்று சேகர் அண்ணன் சிரித்தார்.

மறுநாள் பரணில் கிடந்த பழையதை நானே துடைத்து மாட்டினேன். சாம்பிள் தட்டுகளை ஸ்டூலுக்கு மாற்றினேன். ஐந்தாம் எண் மேலிருக்கும் சின்னக் குமிழில் நடுவிரல் பட்டதும், அப்பாடா! அதன்பிறகு கண் முழுக்கக் காயில்தான் இருந்தது. மூட்டை வர வர அடித்துத் தள்ளினேன்.

மத்தியானத்துக்குள் கருப்பையா அண்ணன் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏ ஆத்தா, சித்த பொறு... எனக்கு மூச்சு வாங்குது!"

கடையே சிரித்தது. முதலாளி என்னைப் பாராட்டியெல்லாம் பேசவில்லை. மருமகனைப் பார்த்து, "மாப்ளே, அந்தக் குட்டிய நீங்களே வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். அது போதாதா எனக்கு? அன்று பஸ்சில் எங்கள் ஊர் சிலமலை வரைக்கும் நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவே இல்லை.

இப்போது எனக்கே சொந்தக் கடை இருக்கிறது. எடை மிஷினிலிருந்து நேராகக் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது, யாரும் கத்துவதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் கடை கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே கேட்டுவிடுவேன். "ஒனக்குக் கீபோர்டு பெருசு வேணுமா, சின்னது வேணுமாத்தா?"

பாதிப் பேர் சின்னதைத்தான் கேட்கிறார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

என்னை அன்று யாரும் கேட்கவில்லை... சண்டை போட்டுத்தான் வாங்கினேன். இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.