ரப்பர் டப்பா

டியூஷன் பிள்ளைகள் மாடிப்படி ஏறி வரும்போதே பிஸ்கட் டப்பாவை நீட்டுகிறார் முனிலட்சுமி. செருப்பைக் கழற்றிய கையோடு எட்டுப் பிள்ளைகளும் ரப்பரை அதில் போட்டுவிட வேண்டும். "தப்பு பண்ணுங்க, அழிக்காதீங்க. அழிச்சிட்டா எங்க தப்பாச்சுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அவருக்குக் குறையுள்ள பாகங்களைப் பிடித்து ஒதுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. காலை ஷிப்ட் முடிந்தால் சாயங்காலம் டியூஷன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், கணக்குக்கு மட்டும் தமிழ். கம்பெனிப் பழக்கம் விடுமா? பிள்ளைகளின் தப்பையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர். பின்னம் புரியாத நாளிலிருந்து பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியதாகக் கூச்சமில்லாமல் சொல்வார்.

அதனால்தான் ஆறாம் வகுப்பு சானியாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்பாள். ரப்பர் இல்லாவிட்டால் எச்சில் தொட்டு விரலால் அழிப்பாள். நோட்டில் ஓட்டை விழும்.

அன்று 1/2-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னார். சானியாவின் விரல் நாக்குக்குப் போவதற்குள் நோட்டை வாங்கிக்கொண்டார். 2/6 என்று இருந்தது.

"எப்படி கண்ணு வந்துச்சு?"

"நேத்து சூப்பர்வைசர்கிட்ட போன்ல சொன்னீங்கல்லக்கா. ஒரு ட்ரேல அம்பதுக்கு ஒண்ணு ரிஜெக்ட், இன்னொண்ணுல அம்பதுக்கு ரெண்டு, மொத்தம் நூத்துக்கு மூணுன்னு. மேலயும் கூட்டுனீங்க, கீழயும் கூட்டுனீங்க. நானும் அப்படியே கூட்டுனேன்."

முனிலட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, ஒட்டுக்கேட்டியா! நான் கூட்டுனது சரிதான். ஆனா அது ரெண்டு ட்ரே கண்ணு. இது ஒரே பாட்டிலு." தண்ணீர் பாட்டிலைப் பாதிவரை நிரப்பினார். மேலே கால் பாட்டில் ஊற்றினார். "இப்ப முன்னைக்குக் கூடவா, கொறச்சலா?"

"கூட."

"நீ எழுதுனது ஆறுல ரெண்டு. ஆறுல பாதி எத்தனை?"

"மூணு." பாட்டிலைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். "ஊத்துனா எப்படிக்கா கொறையும்? அரைன்னா ரெண்டு கால். இன்னொரு கால் சேத்தா… முக்கால்!"

2/6 அங்கேயே இருக்க, பக்கத்தில் 3/4 என்று பெரிதாக எழுதினாள்.

ஆறரை மணிக்கு டப்பா திறந்தது. ஏழு கைகள் உள்ளே போய் வந்தன. ஓரம் தேய்ந்து கறுத்த ரப்பர் ஒன்று மட்டும் மிச்சம்.

"சானியா, ரப்பரு?"

"இருக்கட்டும்க்கா." அவள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

முனிலட்சுமி மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.