இரண்டு கிலோமீட்டர் என்று எழுதிய காலை

இது நிஜமாகவே நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நடந்தது எனக்கல்ல, என் அக்கா புருஷனுக்கு. அவர் தன் வாயால் இதை வெளியே சொல்ல மாட்டார். மானம் போகிற விஷயம். என்னிடம் சொன்னபோதுகூட தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அத்தானுக்கு வானிலை நிலையத்தில் வேலை. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக, ஒரே ஒரு அறை. உள்ளே கட்டில், போன், ரிஜிஸ்டர். வெளியே தெர்மாமீட்டர் பெட்டியும் மழைமானியும். தினமும் காலை 5:30க்கு வெளியே போய் எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் அதில் ஒன்று. அதற்கு அடையாளங்கள் உண்டு. கேட் நூறு மீட்டர். சின்னப் பாலம் ஐநூறு. தண்ணீர்த் தொட்டி சரியாக ஒரு கிலோமீட்டர். தொட்டி மங்கலாகவாவது தெரிந்தால் லேசான பனிமூட்டம். தெரியாவிட்டால் மூடுபனி. அத்தான் போனில் சொல்வதை 5:45க்கு ரேடியோவில் வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டிக்காரர்கள் கிளம்புவார்கள்.

முந்தின நாள் மழை பெய்து, ராத்திரி மேகம் கலைந்து, காற்றும் அசையவில்லை என்றால் விடியலில் மூடுபனி வர வாய்ப்பு அதிகம். ஈர மண் குளிர்ந்துபோய், அதை ஒட்டிய காற்றில் இருக்கும் ஈரம் பொடித் துளியாகி அப்படியே நின்றுவிடும். இதைக் கல்யாண வீட்டில்கூட யாரையாவது பிடித்து உட்காரவைத்து விளக்குகிற மனுஷன் அவர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

அன்றைக்கு அப்படிப்பட்ட விடியல். அத்தான் கம்பளியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கையை மட்டும் நீட்டி ரிஜிஸ்டரை எடுத்தார். முந்தின நாள் எழுதியதையே பார்த்து எழுதினார். லேசான பனிமூட்டம், இரண்டு கிலோமீட்டர். போனிலும் அதையே சொன்னார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5:52க்கு ஒரு ரொட்டி வேன், மூடுபனியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றிருந்த லாரியில் போய் மோதியது. டிரைவர் அங்கேயே உயிரை விட்டார்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள்.

"நான் பாத்தப்ப லேசாத்தான் சார் இருந்துச்சு. அப்புறம்தான் திடீர்னு இறங்கிடுச்சு."

அத்தான் ரிஜிஸ்டரைக் காட்டினார். நம்பிவிட்டார்கள். அப்பாடா என்று வீட்டுக்கு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாராம்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் மூடுபனி. இந்தத் தடவை அத்தான் 5:30க்கு டாண் என்று வெளியே நின்றார். பத்தடி தள்ளி இருக்கிற தெர்மாமீட்டர் பெட்டியே தெரியவில்லை. கேட் இல்லை. பாலம் இல்லை. தொட்டி இல்லை.

ஆனால் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் தெரிந்தார்.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில்... நீலச் சட்டை. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. அதுகூடத் தெரிந்தது.

அத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அந்த ஆள் அசையவில்லை.

மறுநாள் 5:30. அந்த ஆள் பாலத்தருகே நின்றார்.

அதற்கு மறுநாள் 5:30. கேட்டில்... கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அத்தான் உள்ளே ஓடினார். தாழ்ப்பாள் போட்டார். போனை எடுத்தார். மணி 5:34.

"சொல்லுங்க சார், எவ்வளவு தூரம் தெரியுது?" தலைமை அலுவலக கிளார்க் கேட்டார்.

"அம்பது மீட்டர்கூட இல்ல... மூடுபனி."

கிளார்க் அதை எழுதிக்கொண்டார். பிறகு, "பக்கத்துல யாரு சார்?"

"யாரும் இல்லியே."

"யாரோ ரெண்டு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க... உங்க குரல் மாதிரியே இருக்கு சார்."

அத்தானுக்கு அப்படி எந்தக் குரலும் கேட்கவில்லை.

பின்கழுத்தில் மட்டும் ஈரம்...

குளிர்ந்த மூச்சு.

அவர் திரும்பவில்லை.

"அன்னைக்கு நான் வெளியவே போகல!" போனில் கத்தினார். "படுத்துக்கிட்டே எழுதினேன். பொய்யா எழுதினேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க சார்!"

கழுத்துக் குளிர் விலகியது. மெல்லத் திரும்பினார். யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது.

வேலை போனது. "அந்த டிரைவர் வீட்டுக்கும் போய் நீங்களே சொல்லுங்க" என்றாள் அக்கா. துணைக்கு நானும் போனேன். அத்தான் வாசலிலேயே நின்று, தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். டிரைவரின் மனைவி திட்டவில்லை, அழவும் இல்லை. தன் போனை எடுத்து எங்களிடம் நீட்டினாள். விபத்து நடந்த அன்று காலை 5:58. டிரைவர் எண்ணிலிருந்து அழைப்பு. பன்னிரண்டு நிமிடம்.

"வண்டிய இடிச்சிட்டேன், ஆனா நடக்க முடியுதுன்னாரு. பக்கத்துல வானிலை ஆபீஸ் இருக்கு, யாராச்சும் முழிச்சிருப்பாங்கன்னாரு. பாலம் தாண்டிட்டேன்னாரு. அப்புறம்... கதவைத் தட்டிக்கிட்டே இருக்கேன், உள்ள ஆள் இருக்கு, எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னாரு. அதோட கட்டாயிடுச்சு."

போலீஸிடமும் சொல்லியிருக்கிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் டிரைவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. நீலச் சட்டையோடு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தார். மோதிய அந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய போனைத் துண்டு துண்டாகத்தான் பொறுக்கினார்களாம்.

திரும்பும் வழியில் அத்தான் தெருமுனை வந்ததும் நின்றுவிட்டார்.

"மச்சான்... அன்னைக்கு யாரோ தட்டுனது எனக்குக் கேட்டுச்சுடா. கம்பளிய இழுத்து காத மூடிக்கிட்டேன்."