நமசிவாயம் சிரித்த நாள்

பிரியந்தனுக்கு நாற்பத்து நாலு வயது. கிழமை நாட்களில் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம். கழுத்தில் டை, மடிப்புக் குலையாத சேர்ட். சனி, ஞாயிறு வந்தால் ஆளே மாறிவிடுவான். இடுப்பு வரைக்கும் பொன்னிற விக், வரிக்குதிரைக் கோடு போட்ட இறுக்கமான காற்சட்டை, உதட்டில் சிவப்புச் சாயம். ‘லிப்ஸ்டிக் மச்சான்ஸ்’ என்று அவர்களுடைய இசைக்குழுவுக்குப் பெயர். எண்பதுகளின் ரொக் பாட்டுக்காரர்களைப் பகிடி பண்ணுவதுதான் வேலை. பகிடி என்பதெல்லாம் வெளிக்கு. உள்ளுக்குள் அந்தப் பாட்டுகளென்றால் அவர்களுக்கு உயிர்.

அப்பா நமசிவாயத்துக்கு இதெல்லாம் கண்ணில் காட்டக்கூடாது. “ஆம்பிளைப் பிள்ளை பவுடர் பூசிக்கொண்டு ஆடுறதை நான் வந்து பாக்கோணுமோ?” என்று பதினொரு வருடமாக ஒரு நிகழ்ச்சிக்கும் எட்டிப் பார்க்கவில்லை. ஹோட்டல்களில் முந்நூறு பேர் வயிறு குலுங்கச் சிரித்தாலும், அப்பா ஒருதரம் சிரித்தால் போதும் என்றிருந்தது பிரியந்தனுக்கு. இந்த வயதில் இதென்ன ஆசை என்று கேட்காதீர்கள். இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. அப்பா படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் கொழும்புப் பழைய மாணவர் சங்கம், வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் ஞாயிறு பின்னேரம் வைத்த ஒன்றுகூடலுக்கு இவர்களைக் கூப்பிட்டது. நமசிவாயம் சங்கத்தின் உபதலைவர். வராமல் தப்பமுடியாது.

ஹோட்டல்களில் நிகழ்ச்சி முழுக்க ஆங்கிலம். அப்பாவுக்காகப் பிரியந்தன் எல்லாவற்றையும் ஒரு மாதம் இருந்து தமிழில் மாற்றினான். ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான். மேடையில் தூங்கி விழித்து, “இதென்ன காலம், இதெல்லாம் ஒரு பாட்டோ?” என்று அழுவான். பிறகு, எண்பத்து மூன்றுக்குத் திரும்பிப் போவோம் என்று கூவுவான். உடனே குழுவின் ஷாமில் ட்ரம்ஸை அதிர வைப்பான், சிவப்பு விளக்கு மின்னும், புகை இயந்திரம் மேடையை மூடும். ஏன் எண்பத்து மூன்று? அவர்களுக்குப் பிடித்த பாட்டுகள் அந்த வருடம் வந்தவை, வேறொன்றுமில்லை. இருநூறு மேடைகளில் அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

அன்றைக்கு மண்டபத்தில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். நமசிவாயம் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிரியந்தன் அவரைப் பார்த்தே கூவினான்.

“வாங்கோ! எல்லாருமாச் சேர்ந்து எண்பத்தி மூண்டுக்குத் திரும்பிப் போவம்!”

தமிழில் சொல்லித் தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஐயோ! வீட்டில் அதற்கு வருடம் சொல்வதில்லை, ‘கலவரம்’ என்றால் போதும். கொழும்பில் தமிழரின் வீடு, கடைகளையெல்லாம் எரித்த அந்தக் கலவரத்தில்தான் கொட்டாஞ்சேனையில் அப்பாவின் கடையைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த தம்பியார் நேசரத்தினம் வெளியே வரவேயில்லை. பிரியந்தனுக்கு அப்போது இரண்டு வயது. ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் சித்தப்பாவின் படத்துக்கு மாலை போடுகிறவன் இவன்தானே! மூளையை எங்கே கழற்றி வைத்தான்?

ஷாமிலுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சனம் வாய் திறக்காததைக் கண்டு, பகிடி விளங்கவில்லையாக்கும் என்று இன்னும் பலமாக அடித்தான். சிவப்பு விளக்கு மின்னியது. புகை குபுகுபுவென்று மேடையிலிருந்து முன்வரிசைக்கு இறங்கியது. ஓர் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பக்கத்திலிருந்தவர் அவருடைய கையைப் பிடித்தார். இருவரும் கதவை நோக்கி நடந்தார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று, அந்த விக்கும் தானுமாகப் பிரியந்தன் நின்றான்.

அப்போதுதான் சிரிப்புக் கேட்டது. தனிச் சிரிப்பு. நமசிவாயம் எழுந்து நின்று கைதட்டிச் சிரித்தார்.

“நல்லாத்தான் இருக்கு! பாடடா, பாடு!”

அவருடைய கதை தெரியாதவர் அந்த மண்டபத்தில் குறைவு. அவரே சிரிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வது? ஒவ்வொருவராகத் தட்டினார்கள். பிரியந்தன் பாடி முடித்தான். என்ன பாடினான் என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அப்பாவும் மகனும் மட்டும். முகத்துச் சாயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

“அப்பா... நீங்கள் மெய்யாவே சிரிச்சனீங்களோ?”

“உனக்கென்ன விசரே? நீ நடுச்சபையில முழிசிக்கொண்டு நிக்கிறாய். நான் வேறை என்ன செய்யிறது?”

பிரியந்தன் கைலேஞ்சியால் உதட்டுச் சாயத்தை அழுத்தித் துடைத்தான். வீட்டு ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பியது. நமசிவாயம் சொன்னார்:

“அடுத்தமுறை எண்பத்திரெண்டு எண்டு சொல்லு. அப்ப தம்பி இருந்தவன். அவனுக்கும் இந்தப் பாட்டெண்டா விசர், கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஆடுவான். நான்தான் எந்தநாளும் ஏசிக்கொண்டிருந்தனான்.”