நான் எடுக்கச் சொன்ன கைகள்

சேஃப்டி வீக்குக்கு முதலாளி வருவதாக இருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் அப்போது நான் சூப்பர்வைசர். ரிசப்ஷனில் வைக்க ஸ்க்ராப்பில் ஒரு சிலை செய்து தரும்படி வெல்டர் சேகரனிடம் நான்தான் கேட்டேன்.

சேகரன் இலங்கையில் சண்டை நடந்தபோது ஏழு வயதில் அம்மாவோடு படகேறி வந்தவர். இங்கே அகதி முகாமில் வளர்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் கட் பீஸ் தகடுகளை ஒட்டி ஏதாவது உருவம் செய்துகொண்டிருப்பார்.

பத்து நாளில் சிலையை முடித்தார். குந்தி உட்கார்ந்த ஓர் அம்மா, மடியில் பையன். அவன் தலையின் இரு பக்கமும் அழுத்திய அவள் கைகள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாப்பா இது, பெத்தவளே புள்ள மண்டைய நசுக்கற மாதிரி கீது. அந்தக் கைய எடுக்கச் சொல்லு."

போய்ச் சொன்னேன்.

"கையை எடுத்தா பிள்ளைக்குச் சத்தம் கேக்கும், அண்ணை" என்றார் சேகரன்.

"இரும்புக்கு இன்னா கேக்கப்போவுது? நாளைக்கு மொதலாளி வராரு. பேஜாரு பண்ணாம எடுத்துடு சேகரு."

அவர் கிரைண்டரால் இரண்டு கைகளையும் அறுத்து, அந்த இடத்தைப் பிசிறில்லாமல் தேய்த்துக் கொடுத்தார். முதலாளி பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் சேகரன் வேலைக்கு வரவில்லை. முகாமுக்குத் தேடிப் போனேன். வாசலில் இருந்த அவருடைய அம்மாவிடம் மூன்று முறை கேட்டேன். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சேகரன் வந்தார்.

"அம்மாவுக்குக் காது கேக்காது, அண்ணை. பங்கருக்குப் பக்கத்தில ஷெல் விழேக்க, ரெண்டு கையாலயும் என்ர காதைப் பொத்திக்கொண்டு இருந்தவ. தன்ர காதைப் பொத்த அவவுக்குக் கை இல்லை."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல சேகரு?"

"சொன்னனான், அண்ணை."

அவர் திரும்ப வேலைக்கு வரவேயில்லை. இப்போது ஒரு ஷெட்டில் சிலைகள் செய்கிறார். சென்னையில் கண்காட்சி வைத்தபோது போனேன். சிலைகள் எல்லாம் அந்தச் சண்டைக் காலத்து ஆட்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கம்பெனியில் பேசி அந்தச் சிலையை வாங்கித் தருகிறேன், கைகளை மறுபடி வைத்துவிடு என்றேன்.

"வேண்டாம், அண்ணை. அது இப்ப கம்பெனியின்ர சிலை."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் செய்ததைத் திருத்தச் சொல்லும் முன், ஏன் அப்படிச் செய்தார் என்று கேளுங்கள். சேகரன் நான் கேட்காமலே சொன்னார். அப்போதும் என் காதில் ஏறவில்லை.