கையைத் தூக்கு, மூணு செகண்ட் நிறுத்து

கஜேந்திரன் சார் போய்விட்டார். இன்று காலை, பெங்களூரு ஆஸ்பத்திரியில். ஹார்ட் அட்டாக்காம்.

ஓசூரில் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரெயினிங் டிபார்ட்மென்ட். மேடையில் எப்படிப் பேசுவது என்று வகுப்பு எடுத்தவர்.

வாட்ஸ்அப் குரூப் முழுக்கக் கைகூப்பும் படங்கள். "எங்கள் பேச்சுக்கு உயிர் கொடுத்தவர்" என்று ஒருத்தர் போட்டிருக்கிறார். அதே ஆள் சார் வகுப்பில் தூங்கி வழிந்து வார்னிங் வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறது...

கேன்டீனில்தான் வகுப்பு. ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய உட்கார்ந்திருப்போம். சார் ஏசி காரிலிருந்து இறங்கி வந்து, "முதல்ல ஸ்மைல்" என்பார்.

அப்புறம் ஐ கான்டாக்ட். கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தால் நெற்றியைப் பார்க்கணுமாம். அவர் எங்களைக் கடைசி வரைக்கும் அப்படித்தான் பார்த்தார். பேட்ஜைப் படிக்காமல் ஒருத்தர் பேரும் அவருக்குத் தெரியாது.

பர்கூர்ப் பெண் ஒருத்தி, "சார், கேன்டீன் சோத்தப் பத்திப் பேசட்டுங்களா?" என்று கேட்டாள். "டாபிக் பாசிட்டிவ்வா இருக்கணும்மா" என்றார். மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேசவைத்தார்.

அப்புறம் முனிராஜ்.

ஜவளகிரிப் பக்கம். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் எனக்கு அடுத்த லைன். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டு. வேலை வேகமாக ஓடட்டும் என்று சூப்பர்வைசர் அதை ஆஃப் செய்து வைத்திருந்தார். முனிராஜுக்கு இரண்டு விரல் போயிற்று.

காயம் ஆறி வந்தவனை சேஃப்டி டே மேடையில் ஏற்றினார்கள். பேச்சை எழுதிக் கொடுத்தது கஜேந்திரன் சார். "என் கவனக்குறைவால்" என்று தொடங்கும் பேச்சு.

"சார், சென்சார் ஆஃப்ல இருந்துச்சே... அதச் சொல்லட்டுங்களா?" என்று முனிராஜ் கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஆடியன்ஸ் யாருன்னு தெரிஞ்சு பேசணும் முனிராஜ். கஸ்டமர் வந்து உக்காந்திருப்பாங்க."

பிறகு ஒத்திகை. "கவனக்குறைவுன்னு சொல்லும்போது அந்தக் கையைத் தூக்கு. மூணு செகண்ட் நிறுத்து. அப்பத்தான் மனசுல இறங்கும்."

த்தூ.

முனிராஜ் தூக்கினான். நிறுத்தினான். ஹாலே எழுந்து கைதட்டியது. நல்ல டிரெயினர் என்று அன்றைக்கு சாருக்கு ஒரு ஷீல்டு.

யூனியன் ஆட்களோடு போய் முனிராஜ் நியாயம் கேட்டபோது, "நீங்களேதானே மேடையில ஒத்துக்கிட்டீங்க" என்றார் ஹெச்ஆர். வீடியோ இருந்தது. அதோடு அவன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

சாரிடமும் போய் நின்றோம். உண்மையை ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும் என்று கேட்டோம். "டெலிவரி சூப்பரா இருந்துச்சு முனிராஜ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவ்வளவுதான் அந்த மனுஷன்.

இன்று செய்தி வந்ததும் முனிராஜுக்குப் போன் பண்ணினேன். இப்போது ஊரில் தக்காளி போடுகிறான்.

"அந்த ஸ்பீச்சு போகவே மாட்டேங்குதுக்கா. பாப்பா வந்து, வெரல் எங்கப்பான்னு கேக்குறா. வூட்ல நாங்க தெலுங்குதான். அது மட்டும் வாயில தமிழ்லயே வருது, 'என் கவனக்குறைவால்'னு. கையும் தானா மேல போவுது."

போய்ச் சேருங்க சார்.